பாட்டும் திரையும் எங்கள் பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழா உரை)





1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். பல குடும்பங்களுக்கு ஒரே பற்றரி ரேடியோ. "சினிமாப் பாட்டுக் கேட்டால் குமருகள் கெட்டுப்போகும்" என்று பெரியவர்கள் ஏசினார்கள். கேட்டோம், படித்தோம், கெட்டுப்போகவில்லை.

இன்று கைப்பேசியைப் பார்த்து அதே ஏச்சை நாங்கள் ஏசுகிறோம். இது வெறும் பயமா? முழுக்க அப்படியும் இல்லை. 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, புகைத்தே பாராத 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 2,603 பேரைத் தொடர்ந்து அவதானித்தது. படங்களில் புகைக்கும் காட்சிகளை அதிகம் பார்த்தவர்களே அதிகமாகப் புகைக்கத் தொடங்கினார்கள். பெற்றோர் புகைக்காத வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தத் தாக்கம் இன்னும் கூடுதலாக இருந்தது. ஆகவே "எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை" என்ற நிம்மதி போதாது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தது. ஆனால் பிள்ளையின் உள்ளங்கைக்கு வரும் காட்சிக்கெல்லாம் சட்டம் காவல் நிற்காது.

அன்று ரேடியோவை உம்மாவும் எங்களோடு இருந்து கேட்டார். பிழையென்று பட்டதை அங்கேயே சொன்னார். இன்று பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு தனியே கேட்கிறது. பறித்தால் ஒளித்துக் கேட்கும்.

பறிக்கும் முன் பக்கத்தில் போய் இருப்போம். "இதில் உனக்கு என்ன பிடித்தது?" என்று கேட்போம். பதில் முடியும்வரை ஏசாதிருப்போம்.