வீட்டுக்கு வரும் ஓட்டு



ஓட்டுச்சாவடி எல்லோரும் அறிந்த இடம். வரிசை உண்டு. விரலில் மை வைப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்துப் பெட்டியில் அந்தச் சின்னம் 7 விநாடி தெரியும். அவ்வளவுதான்.

தபால் ஓட்டு காகிதத்தில் போடுவது. ராணுவ வீரர்களுக்கு இது வெகுகாலமாக உண்டு. கர்நாடகத்தில் 2023 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது ஆனவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்டார்கள். 2024-இல் அந்த வயது 85 ஆனது.

பெங்களூரில் 86 வயதுப் பாட்டி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாடிப்படி இறங்க முடியாது. தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் அவர் 12டி என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள். போலீஸ்காரரும், வீடியோ எடுப்பவரும் கூட வருவார்கள். ஆனால் பாட்டி யாருக்குப் போடுகிறார் என்பதைப் படம் பிடிக்கக் கூடாது. பெற்ற மகனும் எட்டிப் பார்க்கக் கூடாது!

பாட்டி சீட்டில் குறி போட்டு, அதைச் சின்ன உறையில் வைத்து ஒட்டுவார். அந்த உறையையும், கையெழுத்திட்ட உறுதிமொழித் தாளையும் பெரிய உறையில் வைப்பார். ஏன் இரண்டு உறை? ஓட்டுப் போட்டவர் யார் என்பது வெளியே தெரிய வேண்டும். யாருக்குப் போட்டார் என்பது தெரியக் கூடாது.

அதிகாரிகள் வரும்போது பாட்டி வீட்டில் இல்லையா? இன்னொரு முறை வருவார்கள். மூன்றாம் முறை இல்லை. படிவம் கொடுத்து அனுமதி கிடைத்தவர், பிறகு மனம் மாறிச் சாவடிக்குப் போனாலும் ஓட்டுப் போட முடியாது.

எந்திரத்தில் இரண்டு பேருக்கு ஓட்டுப் போட முடியாது. காகிதத்தில் தவறு எளிதாக நேரும். இரண்டு பேருக்குக் குறி போட்டால் செல்லாது. கையெழுத்து விட்டுப்போனாலும் செல்லாது. 2023-இல் பெங்களூர் ஜெயநகரில், செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளால் பெரிய சச்சரவு வந்தது. மறுபடி எண்ணினார்கள். முடிவு தெரிய நள்ளிரவு ஆயிற்று. வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 16 ஓட்டுதான்.

பாட்டியின் பக்கத்து வீட்டில் ஒரு கொத்தனார். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். அவருக்குத் தபால் ஓட்டு உண்டா? கிடையாது. பெயர் ஊர்ப் பட்டியலில் இருந்தால் ஊருக்குத்தான் போக வேண்டும். பஸ் செலவும் ஆகும், கூலியும் போகும். பெங்களூரிலேயே நிலையாகக் குடியிருப்பவர் படிவம் 8 கொடுத்துப் பெயரை இங்கே மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் பெயர் இருக்கக் கூடாது.