எழுதி வைத்ததை எண்ணிப் பார்ப்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டைப் பல ஆண்டுகளாக நான் எழுதி வருகிறேன். சென்ற ரமலானில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம், "ஹஜ்ரத், நம் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்துகிறார்கள்?" என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. மணமக்களின் வயதும் படிப்பும் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. எழுதியவன் நான், ஒரு நாளும் எண்ணிப் பார்த்தவன் அல்லன். அன்று மிகவும் வெட்கப்பட்டேன்.

எண்ணுவது நமக்குப் புதியதன்று. இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததையும், 1500 ஆண்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியதே.

2006-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கைக்கு வலிமை தந்தவையும் எண்களே. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 64.8 விழுக்காடு; முஸ்லிம்களிடையே 59.1. அதே கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 73.5, தமிழக முஸ்லிம்களிடையே 82.9. முதல் கணக்கைக் கண்டு கவலைப்படுகிறோம்; இரண்டாவதைக் கண்டு நிம்மதியடைகிறோம். இரண்டும் உண்மையே. ஆயினும், பவானியின் ஒரு தெருவில் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளையை இரண்டுமே நமக்குக் காட்டமாட்டா. அதை நம் பதிவேடுதான் காட்டும்.

எண்ணினால் மட்டும் போதாது. சரியாக எண்ணவும் தெரிய வேண்டும். ஐந்து வீடுகளின் மாத வருமானம் 6000, 7000, 8000, 9000, 70000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 20000 ரூபாய். அதை நம்பினால், உதவி தேவையில்லை என்று முடிவு செய்துவிடுவோம். வரிசையில் நடுவே நிற்கும் வீட்டைப் பாருங்கள்: 8000 ரூபாய்தான். சராசரியை மட்டும் பார்த்து ஜகாத் பங்கிட்டால் உரியவர் விடுபட்டுப் போவார்.

இத்தகைய கணக்குகளை ஆயிரம் வரிகளுக்கும் நொடியில் செய்து தரும் கணினி மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஆர்'. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் அதை உருவாக்கினார்கள். 1995-இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை அளித்துவிட்டார்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இம்மொழிக்கும் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. பல மென்பொருள்களின் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. ஆகவே, பணமில்லை என்பது கற்காமைக்குக் காரணமாகாது.

இளைஞர்களே, நம் ஊர் ஜமக்காளத் தறியை எவரும் நூல் படித்துக் கற்றதில்லை. தெரிந்தவர் அருகில் அமர்ந்து, கை பார்த்துக் கற்றார்கள். அதுபோலவே இதையும் ஒருவர் கற்று இருவருக்குக் கற்பியுங்கள். பிழை வந்தால் ஒளிக்காமல் அடுத்தவரிடம் காட்டுங்கள். கற்றதை மறைத்து வைப்பவரை மார்க்கம் எச்சரிப்பதை நீங்கள் அறிவீர்கள். நம் பெண்பிள்ளைகளுக்கும் தனி வகுப்பு அமைய வேண்டும்; அந்த மாணவரின் கேள்வி அவர்களைப் பற்றியதல்லவா?

ஒன்றை மறவாதீர்கள். பதிவேடு அமானிதம். கணினியில் ஏற்றும்போது பெயரையும் முகவரியையும் நீக்கிவிடுங்கள். உதவி பெறுவோரின் மானம் நம் கணக்கைவிடப் பெரிது.

ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மதரஸா கூடத்தை இதற்கென ஒதுக்கித் தருமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பாடத்திற்கு நிக்காஹ் பதிவேட்டுடன் நானே மாணவனாக வந்து அமர்வேன், இன்ஷா அல்லாஹ்.

பயனுள்ள கல்வியை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.