விசிலடிச்சான் குஞ்சுகளுக்கு ஒரு கேள்வி
(சிங்கப்பெருமாள் கோயில் பொதுக்கூட்ட உரை)



2024 அக்டோபரில் 'வேட்டையன்' படம் வந்தது. எஸ்.பி.யாக வரும் ரஜினி, ஆசிரியையைக் கொன்றவன் என்று ஒருவனைச் சுட்டுத் தள்ளுகிறார். கூரை பிய்ந்துபோகிற விசில்! பிறகுதான் தெரிகிறது, செத்தவன் நிரபராதி. அடித்த விசிலை எந்தத் தம்பி திரும்ப வாங்கிக்கொண்டான்? அமிதாப் பச்சன் நியாயம் பேச ஆரம்பித்ததும் பாப்கார்ன் வாங்கப் போய்விட்டான்! இதை இயக்கிய, 'ஜெய் பீம்' எடுத்த ஞானவேலையும் விடமாட்டேன். முன்பாதியில் துப்பாக்கிக்கு மேளதாளம், பின்பாதியில் உபதேசம். ஜனங்கள் எதை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள்?

"கோர்ட்டுக்குப் போனால் இருபது வருஷம், தோட்டாவுக்கு ரெண்டு நொடி." இதுதானே உங்கள் வாதம்? ஐதராபாத்தில் 2019 டிசம்பர் 6 அன்று குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற போலீசுக்குப் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் சொன்னது: கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், நால்வரில் மூவருக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. தூவிய பூவைப் பொறுக்க ஒருவர் வந்தாரா?

"இரணியனை நரசிம்மர் கிழிக்கலையா?" என்று ஒரு பக்தர் கேட்டார். ஐயா, நம்ம ஊர்ப் பெருமாளும் நரசிம்மர்தான், அவருக்கு மூன்று கண். அவரே இரணியன் வாங்கிய வரத்தின் ஷரத்தையெல்லாம் படித்துவிட்டு, பகலுமில்லாமல் இரவுமில்லாமல், உள்ளேயுமில்லாமல் வெளியேயுமில்லாமல், வாசற்படியில் உட்கார்ந்துதான் கிழித்தார். உங்கள் எஸ்.பி.க்கு வாரண்டைப் படிக்கவே நேரமில்லை!

ஐதராபாத் வரை ஏன் போக வேண்டும்? தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். 2022 டிசம்பர் கடைசியில் தாம்பரத்தில் ரயில்வே பேட்டரி திருடியதாக 17 வயதுப் பையனைப் பிடித்தார்கள். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் அடைத்தார்கள். 31-ஆம் தேதி பிணம். அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைது. பேட்டரி, ஐயா, பேட்டரி! அந்த வாரம் டீக்கடையில் ஒருத்தர் என்னிடம் சொன்னார்: "அவனும் திருடன்தானே சார்." வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்!

ஏரியைப் பிளாட் போட்டு விற்றவனுக்கு எந்தப் படத்தில் என்கவுன்ட்டர்? அவன் கல்யாணத்துக்கு வந்தால் முன்வரிசையில் நாற்காலி போடுகிறீர்கள். பேட்டரி எடுத்தான் என்று சொல்லப்பட்ட பையனுக்குப் பாடை! இதற்குப் பெயர் குற்றத்தின் மேல் கோபமா? த்தூ! ஏழையின் மேல் கோபம், அவ்வளவுதான்!

ஏட்டு ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதாம். இந்தச் சட்டத்தை மட்டும் நிமிஷம் தவறாமல் காப்பாற்றுகிறார்கள். சரி, அணைங்கப்பா.