வழிக்கல்லும் மலைப்பெயரும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேலத்தினின்று ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மலைமேல் கால்வைத்தவன் கேட்கும் பெயர்கள் எவை? 'லேடீசு சீட்டு', 'சென்ட்சு சீட்டு', 'பக்கோடா பாயிண்டு'! ஆங்கிலச் சீமாட்டி ஒருத்தி மாலைப்பொழுதில் அமர்ந்து கீழுள்ள சேலத்தைக் கண்டு களித்தாளாம். அதனால் அவ்விடம் அவள் இருக்கை ஆயிற்றாம். அவள் வந்து அமருமுன்பும் அப்பாறை அங்கேதான் கிடந்தது. அதனருகே விறகு பொறுக்கியவர்களும் ஆடு மேய்த்தவர்களும் அதனைப் பெயரிட்டு அழையாமலா இருந்திருப்பர்?

'பக்கோடா' கதை இன்னும் நகைப்பிற்குரியது. மலைமக்கள் அடுக்கியவை எனப்படும் கற்குவியல்கள் நான்கு அம்முனையில் உள்ளன. அவற்றைக் கண்ட வெள்ளையர்க்குக் கீழைநாட்டுக் கோபுரங்கள் நினைவிற்கு வந்தன போலும். தம் மொழியில் பெயரிட்டனர். அப்பெயரைத் தமிழெழுத்தில் படிக்கும் சிறுவனுக்கோ எண்ணெய்ச் சட்டியில் பொரியும் தின்பண்டமே நினைவிற்கு வரும். அடுக்கியவன் என்ன கருதி அடுக்கினான் என்று கேட்பாரில்லை.

வழியோரத்தில் கல் நட்டு நினைவு போற்றுவதை ஆங்கிலேயன் வந்தா தமிழனுக்குக் கற்பித்தான்? கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நட்டு வாழ்த்துவது ஈறாக, நடுகல்லுக்கு முறை வகுத்த நூல் தொல்காப்பியம். இம்மலைக்கு வடக்கே தருமபுரி. 1965 வரை அதுவும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆநிரை மீட்டு மாண்ட எளிய மறவர்க்கு எடுத்த நடுகற்கள் தருமபுரி, செங்கம் பகுதிகளில் வயல் வரப்பிலும் ஊர்ப்புறத்திலும் நிற்கின்றன. வேந்தர் மட்டுமல்லர், ஊர்க்காவலனும் அவற்றிலே பெயரோடு வாழ்கிறான்.

அத் தருமபுரிப் பகுதியிலேயே கிடைத்தது அதியமான் பெருவழிக் கல். 13ஆம் நூற்றாண்டினது. நாவற்றாவளம் என்னும் ஊர் அங்கிருந்து 29 காதம் என்பது அதன் செய்தி. அச்செய்தியைச் சொல்லிய வகைதான் வியப்பு. எழுத்தாலும் எண்ணாலும் பொறித்ததோடு அமையாது, கல்லிலே பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் குடைந்து வைத்தனர். பெரியது ஒவ்வொன்றும் பத்து. சிறியது ஒவ்வொன்றும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பொதிமாட்டு வணிகனும் இருளில் விரலால் தடவித் தொலைவை அறியலாம். மக்களுக்காக நட்ட வழிக்கல் என்றால் அதுவன்றோ!

இனி இம்மலையின் மக்களைக் காண்க. மலையாளி என்பது அவர்தம் பெயர். மலையை ஆள்பவர் என்னும் பொருளது. சேர நாட்டாரோடு அவர்களைக் குழப்புவது அறியாமை. அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சியினின்று உடன்பிறந்தார் மூவர் கரிராமன் என்னும் தெய்வத்தோடு புறப்பட்டனர் என்றும், பெரியண்ணன் சேர்வராயன் மலையையும் நடுவண்ணன் பச்சைமலையையும் சின்னண்ணன் கொல்லிமலையையும் அடைந்தனர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என மலையை மூன்று நாடாகப் பகுத்து வாழ்ந்தனர். மலையுச்சிக் குகையில் சேர்வராயனும் காவிரியம்மனும் இன்றும் அவர்களுக்குக் கண்கண்ட தெய்வங்கள். அச்சேர்வராயன் பெயரைத்தான் ஆங்கிலேயர் 'செவராய்' என நாவிற்கேற்பச் சிதைத்தனர்.

வெள்ளையர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்தலும் நேர்மையாகாது. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்குபர்ன் குளம்பிச் செடியைக் கொணர்ந்தார். 'ஏற்காட்டின் தந்தை' என்று அவரைப் போற்றுகின்றனர். தோட்டத்திற்குத் தந்தை என்க. ஊருக்குத் தந்தை என்றால், அவர்க்கு முன் அங்கு வாழ்ந்த தலைமுறைகள் தந்தையில்லாப் பிள்ளைகளோ?

புரூசு பூட்டின் நிலை வேறு. 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலறிஞர் அவர். முதுமையில் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912இல் கல்கத்தாவில் மறைந்தார். அவர் நினைவிடம் ஏற்காட்டுத் திருச்சபைக் கோயிலில் உள்ளது. இம்மலையில் கிடைத்த புதிய கற்காலக் கைக்கோடரிகளையும் அவர் ஆராய்ந்தார். அத்தகைய கோடரிகளை மலைமக்கள் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டு வந்தனர். அவை இன்னவை என உலகறியச் சொன்னவர்க்கு ஒரு கல் தகும். ஆனால் அவற்றைச் செய்தவனுக்கும், உடையாது காத்து வைத்தவனுக்கும் சாலையோரத்தில் ஒரு வரியேனும் வேண்டாவா?

ஏலகிரியைப் பாருங்கள். அம்மலைச் சாலையின் பதினான்கு வளைவுகளுக்கும் பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் எனப் புலவர் எழுவர் பெயரும், பாரி முதலிய வள்ளல் எழுவர் பெயரும் சூட்டப்பட்டுள்ளன. ஏறுகின்ற பேருந்தில் பிள்ளைகள் அப்பெயர்களை உரக்கப் படிப்பது செவிக்கு இன்பம். எனினும் ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். அவை ஏட்டிலிருந்து மலைக்கு ஏறிய பெயர்கள். மலையிலிருந்து இறங்கியவை அல்ல. ஏற்காட்டிலும் அவ்வாறே செய்துவிட்டால், சீமாட்டியின் பெயர் போய்க் கபிலர் பெயர் வரும். மலைமகன் இட்ட பெயர் அப்போதும் வெளியேதான் நிற்கும்.

2020இல் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழொலிக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்டது. சில நாள்களிலேயே மீளப்பெற்றது. ஆங்கில எழுத்தைத் திருத்தவே இத்துணை இடர்ப்பாடு! எழுத்திலேயே ஏறாத பெயர்களின் நிலை என்ன? ஓடைக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று, காட்டுத் துண்டுக்கு ஒன்று என அவை முதியோர் நாவிலேயே தங்கியுள்ளன. குளம்பித் தோட்டத்திற்குக் கூலிக்குச் செல்லும் பேரனுக்குத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரே போதுமானதாகிவிடுகிறது. மூதாட்டி ஒருத்தி கண்மூடும்போது ஓடை அங்கேயே ஓடுகிறது. பெயர் அவளோடு போகிறது.

மலையூர்ப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் விடுமுறை நாள்களில் முதியோரிடம் கேட்டு, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே ஒரு சுவடியில் எழுதத் தொடங்கலாம். அதற்கு அரசாணை தேவையில்லை. பெயர்ப்பலகைக்கு நெடுஞ்சாலைத் துறையின் இசைவு வேண்டும்; விண்ணப்பம் எழுதத் தமிழன்பர்கள் இருக்கின்றனர். சாலையில் வளைவுகள் இருபது. சேலநாடு, முட்டநாடு, மோகநாடு எனப் பொறிக்க அவற்றுள் முதல் மூன்று போதும். எஞ்சிய பதினேழிற்கும் உரிய பெயர்களை மலைமேல் உள்ளவர்களே சொல்லட்டும்.