ஹையசின்த்: ஒரு பேருக்குள்ள இருக்கிற அழுகை

போன வாரம் ஆபீஸ் பக்கத்து ஏரியைத் தாண்டிப் போனப்போ தண்ணியே தெரியல. முழுக்க ஆகாயத்தாமரை, மேல இளம் ஊதாப் பூ. கூட வந்தவர் "வாட்டர் ஹையசின்த், பேர் நல்லா இருக்குல்ல?"ன்னார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஆகாயத்தாமரை தென் அமெரிக்கச் செடி. அதுக்கும் ஹையசின்த்துக்கும் சொந்தமே கிடையாது. பூ பார்க்க அந்த மாதிரி இருந்ததால பேர் ஒட்டிக்கிச்சு. நிஜ ஹையசின்த், துருக்கி, சிரியா, லெபனான் பக்கத்துப் பூ. வெங்காயம் மாதிரி கிழங்குல இருந்து முளைக்கும். வாசனை ஆளைத் தூக்கும்.

பேர் ஒரு பையனோடது. ஹயாகிந்தோஸ், ஸ்பார்டா பக்கத்து இளவரசன். அப்போலோ கடவுளுக்கு அவன் மேல உயிர். ரோமானியக் கவிஞர் ஓவிட், 'மெட்டமார்ஃபசிஸ்' 10-வது புத்தகத்துல இந்தக் கதையைச் சொல்றார். ரெண்டு பேரும் வட்டு எறிஞ்சு விளையாடுறாங்க. அப்போலோ எறிஞ்ச வட்டு மேகம் வரைக்கும் போய் இறங்குது. அதை எடுக்க ஆசையா ஓடுறான் பையன். தரையில பட்ட வட்டு எகிறி அவன் முகத்துல அடிக்குது. மேற்குக் காற்றுக் கடவுள் செஃபிரோஸ் பொறாமையில வட்டைத் திருப்பிவிட்டதா இன்னொரு கதையும் இருக்கு.

அப்போலோ வைத்தியத்துக்கே கடவுள். பச்சிலை வச்சுப் பார்க்கிறார். ஒண்ணும் பலிக்கல. ரத்தம் சிந்தின இடத்துல ஒரு பூ முளைக்குது. அதோட இதழ்ல அவர் எழுதினது 'ஐ, ஐ'. கிரேக்கத்துல அது அழுகைச் சத்தம். நம்ம 'ஐயோ' மாதிரி.

இப்ப இருக்கிற ஹையசின்த் இதழ்ல அந்த மாதிரி எந்தக் குறியும் இல்ல. அதனால பழைய கிரேக்கர் சொன்னது ஐரிஸ் பூவா, லார்க்ஸ்பரான்னு அறிஞர்கள் இன்னும் பேசிட்டு இருக்காங்க. எங்க பாஷையில சொன்னா, வேரியபிள் பேர் அப்படியே இருக்கு, உள்ள இருக்கிற வேல்யூ மாறிடுச்சு. அந்தப் பேரும் கிரேக்கத்துக்கு முந்தின மொழியில இருந்து வந்ததுன்னு பலர் சொல்றாங்க. கொரிந்த், லாபிரிந்த்னு வர்ற அதே 'ந்த்' தான் அதுக்கு அடையாளம்.

இந்தக் கதை என்னை ஏன் விடலன்னு சொல்றேன். காலேஜ் மூணாவது வருஷம் எங்க நண்பன் ஒருத்தன் பைக் விபத்துல போயிட்டான். அன்னைக்கு ராத்திரி "டீ குடிக்க வாடா"ன்னு அவனைக் கூப்பிட்டது நான். தப்பு என்னோடது இல்லன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அப்போலோகிட்டயும் யாராவது அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. ஆனா வட்டை எறிஞ்ச கை அவர் கைதானே.

அவன் நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு. இப்ப அது வேற யாரோடதோ. டிபியில யாரோ ஒரு அங்கிள், பேரக்குழந்தையோட சிரிக்கிறார். மேல அவன் பேர்.

ஸ்பார்டாக்காரங்க ஹயாகிந்தோஸுக்கு வருஷா வருஷம் மூணு நாள் விழா எடுத்தாங்க. அமிக்லையில அப்போலோ சிலையோட பீடம்தான் அவன் சமாதி. முதல்ல துக்கம், தலையில மாலை கிடையாது, பாட்டு கிடையாது. அப்புறம் பாட்டு, ஆட்டம், விருந்து. கி.மு. 479-ல பாரசீகப் படை வந்து நிக்குது, ஏதென்ஸ் உதவி கேட்குது. இந்த விழா நடந்துட்டு இருந்ததால ஸ்பார்டா படையை உடனே அனுப்பலன்னு ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கார்.

நாங்க பண்ணினது நேர் எதிர். அவனைப் பத்திப் பேசுறதையே நிறுத்திட்டோம். கேங்ல யாராவது பேரெடுத்தா உடனே டாபிக் மாறிடும். அவன் அடிச்ச மொக்கை ஜோக் எல்லாம் எனக்கே மறந்துட்டு வருது.

வர்ற மாசம் எல்லாரும் சந்திக்கிறோம். இந்தத் தடவை முதல்ல நானே அவன் பேரைச் சொல்லப் போறேன். கொஞ்சம் அழுவோம். அப்புறம் அந்த ஜோக் எல்லாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பார்த்துப் போங்க, வண்டியை மெதுவா ஓட்டுங்க.