மூடாத இமைகள்



கண் மருத்துவன் தோல்நோய் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இமையும் தோல்தான், உடலிலேயே மிக மெல்லிய தோல்.

லாமெல்லர் இக்தியோசிஸ் என்றொரு பிறவி நோய் உண்டு. மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். குழந்தைக்கு இட்டு வழங்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. இந்நோயுற்ற சிசு பெரும்பாலும் பளபளக்கும் படலம் போர்த்தியதுபோல் பிறக்கும். சில வாரங்களில் அது உரிந்தபின் செதில்கள் தோன்றும். முகத்தோல் இறுகி இழுப்பதால் கீழிமை வெளிப்புறம் பிதுங்கும். உறக்கத்திலும் கண் மூடாது. கருவிழி உலர்ந்து புண்படும். புண் முற்றினால் துளை விழும். பார்வையைப் பறிப்பது பெரிதும் இந்த உலர்ச்சியே. ஆதலால் அதனைத் தடுக்க இயலும்.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு, முகத்திற்கு நாளும் பலமுறை ஈரங்காக்கும் களிம்பு: பலருக்கு இவையே போதும். களிம்பில் உயிர்ப்பொருள் உண்டோ எனக் கேட்போர் நம்மில் உளர். பாரபின் கனிம எண்ணெயிலிருந்து கிடைப்பது. லானோலின் கத்தரித்த ஆட்டு உரோமத்தைக் கழுவி எடுப்பது. வேண்டாதார் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். அதற்காகக் களிம்பையே நிறுத்திவிடலாகாது.

இவை போதாதபோதுதான் அறுவை. சுருங்கிய இமைத்தோலைக் கீறித் தளர்த்தி, அவ்விடைவெளியில் காதின் பின்புறத்திலிருந்தோ மேற்கையின் உட்புறத்திலிருந்தோ எடுத்த தோலை வைத்துத் தைப்போம். ஆயின் உடல் முழுதும் அதே நோயுற்ற தோலன்றோ! ஒட்டியதும் நாளடைவில் சுருங்கக்கூடும். மீண்டும் அறுவை வேண்டிவரும்.

ஒரு தாய் என்னிடம், “ஐயா, எனக்கு நோய் இல்லையே, என் தோலை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். தாயினதே ஆயினும் பிறர் தோலை உடல் சில வாரங்களில் உதறிவிடும் என்று சொல்ல நேர்ந்தது. அவர் அழவில்லை. “என்னால்தான் வந்தது என்கிறார்கள்” என்றார், தலை குனிந்தபடி.

அன்று மாமியாரையும் கணவரையும் அழைத்து அமரவைத்தேன். அவ்விருவரும் அத்தை மகன், மாமன் மகள். ஒரே மரபணுவின் பழுதான படி ஒன்றைத் தாயும் தந்தையும் தமக்கு நோயின்றியே சுமக்கிறார்கள். ஒவ்வொரு பேற்றிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாயின் குறையென்று இதில் தனியே ஏதுமில்லை. உறவில் மணம் பேசும் குடும்பங்களில் இத்தகைய நோய் முன்னரே இருப்பின், மரபியல் ஆலோசனை பெற்றபின் நாள் குறியுங்கள்.

அச்சிறுவனுக்கு இதுவரை இரண்டு அறுவைகள் ஆகியுள்ளன. மூன்றாவது வேண்டுமா என ஆறு திங்களுக்கொருமுறை பார்த்து வருகிறேன். இரவுக் களிம்பை இப்போது தந்தை இடுகிறார்.