பலாலியும் சென்னையும் எவ்வளவு தூரம்?
(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் எண்டு நினைக்கிறியள்? ஆகாய வழியாகச் சுமார் 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு றோட்டால் போற தூரம் அதைவிடக் கூட! 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதற் பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனதுதான். பிறகு அந்தச் சேவை நின்று போனது. யுத்தகாலத்தில் அதை நினைக்கவே ஏலாது.

அகதிப் பயணப்பத்திரத்தோடை ஊருக்குப் போகேலாது. அதனால் 2012 இல் அம்மா என்னைப் பார்க்கச் சென்னைக்கு வந்தா. வடக்கே இருக்கிற சென்னைக்கு வர, முதலில் தெற்கே கொழும்புக்கு 400 கிலோமீற்றர் இரவிரவாய் பஸ். பிறகு கட்டுநாயக்காவிலிருந்து 650 கிலோமீற்றர் பிளேன். 355 க்குப் பதிலாய் ஆயிரத்துக்கு மேல். கால் வீங்கித்தான் வந்து இறங்கினா.

2019 நவம்பரில் பலாலி – சென்னை விமானசேவை தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. சின்ன விமானம்தான்; ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடும்.

ஆகவே, வயதான தாய் தகப்பனைச் சென்னைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொழும்பால் ரிக்கற் போட முன்னம், பலாலியால் இடம் இருக்கோ எண்டு ஒருக்கால் விசாரியுங்கோ. காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அந்தத் தூரத்தின்ரை அருமை அவையின்ரை கால்களுக்குத்தான் தெரியும்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.